மடிக்கணினியை மேசைக்கணினிக்குத் திரையாகப் பயன்படுத்துவது எப்படி?

மேசைக்கணினியின் மானிட்டர் பழுதாகிவிட்டாலோ, இன்னொரு திரை இருந்தால் வேலை எளிதாகுமே என்று தோன்றினாலோ, பக்கத்தில் மூடிக் கிடக்கும் மடிக்கணினியின் மீதுதான் முதலில் கண் போகும். அதில் நல்ல திரை இருக்கிறது. பக்கவாட்டில் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறது. மேசைக்கணினியின் பின்புறத்திலும் அதே வடிவப் போர்ட் இருக்கிறது. இரு முனையும் ஒரே மாதிரியான கேபிளை எடுத்து இரண்டையும் இணைத்துவிட்டுக் காத்திருந்தால், எவ்வளவு நேரம் ஆனாலும் ஒன்றும் நடக்காது. நானும் இப்படித்தான் தொடங்கினேன். கேபிளில்தான் கோளாறு என்று எண்ணி இரண்டு கேபிள்களை மாற்றிப் பார்த்த பிறகே, கோளாறு கேபிளில் இல்லை, என் எதிர்பார்ப்பில்தான் இருந்தது என்பது புரிந்தது.

கேபிள் மட்டும் ஏன் போதாது

மடிக்கணினியில் உள்ள எச்டிஎம்ஐ போர்ட் படத்தை வெளியே அனுப்புவதற்காக மட்டுமே வைக்கப்பட்டது. அதன் திரைப் பலகம், கீல் வழியாகச் செல்லும் மெல்லிய கேபிள் ஒன்றின் மூலம் அந்த மடிக்கணினியின் கிராபிக்ஸ் பகுதியோடு நேரடியாக இணைக்கப்பட்டிருக்கிறது. பக்கவாட்டுப் போர்ட்டிலிருந்து அந்தப் பலகத்துக்குச் செல்ல உள்ளே எந்தப் பாதையும் கிடையாது. எச்டிஎம்ஐ இணைப்பில் அனுப்பும் கருவி, பெறும் கருவி என்று இரண்டு பொறுப்புகள் உண்டு. அனுப்பும் கருவி ஒரு பின்னில் 5 வோல்ட் மின்சாரம் தருகிறது. பெறும் கருவி ‘நான் இருக்கிறேன்’ என்று வேறொரு பின்னில் தெரிவித்து, தன்னால் காட்டக்கூடிய ரெசல்யூஷன்களின் பட்டியலைக் கொடுக்கிறது. இந்தப் பட்டியலுக்கு ஈடிஐடி என்று பெயர். இரண்டு கணினிகளை நேருக்கு நேர் இணைக்கும்போது இரண்டுமே அனுப்பும் கருவிகளாக இருப்பதால், மறுமுனையில் திரை இருக்கிறது என்ற பதில் எதற்கும் கிடைப்பதில்லை. யூஎஸ்பி-சி போர்ட்டுக்கும் இதே நிலைதான். பயாஸ் (இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரல்) அமைப்பை மாற்றுவதாலோ, டிரைவரைப் புதுப்பிப்பதாலோ, இடையில் ஓர் அடாப்டரைச் செருகுவதாலோ இது மாறாது. படத்தை உள்வாங்கும் சிப்பே அதில் இல்லை; இல்லாத ஒன்றை மென்பொருள் உண்டாக்கிவிட முடியாது.

விதிவிலக்குகள் மிகச் சில. ஏலியன்வேர் எம்18எக்ஸ் போன்ற ஒரு சில கேமிங் மடிக்கணினிகளில் படத்தை உள்வாங்கும் எச்டிஎம்ஐ போர்ட் தனியாக இருந்தது. ஆப்பிளின் ஐமேக் கணினிகளில் 2009 இறுதி முதல் 2014 நடுப்பகுதி வரை வந்த பல மாடல்களை இன்னொரு கணினிக்குத் திரையாக மாற்றும் வசதி இருந்தது. ஆனால் அவை மேசைக்கணினிகள், மேக்புக்குகளுக்கு அந்த வசதி ஒருபோதும் வரவில்லை. உங்கள் மடிக்கணினியின் கையேட்டில் ‘எச்டிஎம்ஐ இன்’ என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் ஒழிய, அப்படி ஒன்று இல்லை என்றே கொள்ளுங்கள்.

ஆகவே, மடிக்கணினி ஒரு மானிட்டராக மாறப்போவதில்லை. அது கணினியாகவே ஓடிக்கொண்டிருக்கும், மேசைக்கணினியின் படத்தை ஒரு நிரலின் சாளரத்தில் காட்டும். அந்தப் படம் மடிக்கணினிக்குள் நுழைய யூஎஸ்பி, நெட்வொர்க் என்று இரண்டு வாசல்களே உள்ளன. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஒரே கேள்வி பெரும்பாலும் தீர்த்துவிடும்: மேசைக்கணினியின் இயங்குதளம் தொடங்குவதற்கு முன் வரும் திரையையும் நீங்கள் பார்க்க வேண்டுமா? பயாஸுக்குள் போக வேண்டும், விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும், பூட் ஆகாத கணினி என்ன பிழை காட்டுகிறது என்று தெரிய வேண்டும் என்றால், நெட்வொர்க் வழிகள் எதுவும் உதவாது. ஏனெனில் அவை அனைத்தும் இயங்குதளம் எழுந்த பிறகே எழுபவை. அப்போது யூஎஸ்பி வழியாகத்தான் போக வேண்டும்.

யூஎஸ்பி வழியாக: கேப்சர் கார்டு

எச்டிஎம்ஐ சிக்னலை வாங்கி யூஎஸ்பி வழியாகக் கொடுக்கும் சிறு கருவிக்குக் கேப்சர் கார்டு என்று பெயர். பென் டிரைவ் அளவிலேயே கிடைக்கிறது. மேசைக்கணினியின் எச்டிஎம்ஐ போர்ட்டிலிருந்து ஒரு கேபிளை இதில் செருகி, இதன் யூஎஸ்பி முனையை மடிக்கணினியில் செருகினால், மேசைக்கணினிக்கு இது ஒரு மானிட்டராகவும், மடிக்கணினிக்கு இது ஒரு வெப்கேமராவாகவும் தெரியும். இந்த ஏற்பாட்டின் அழகே இதுதான்: இரண்டு பக்கமும் தனக்குத் தெரிந்த ஒன்றையே பார்ப்பதால், பெரும்பாலான கருவிகளுக்குத் தனி டிரைவர் எதுவும் தேவைப்படாது.

செருகிய பின், வெப்கேமராவைக் காட்டக்கூடிய எந்த நிரலிலும் படத்தைப் பார்க்கலாம். விண்டோஸில் கேமரா செயலியும், மேக்கில் குயிக்டைமும், லினக்ஸில் எம்பிவியும் உடனடிச் சோதனைக்குப் போதும். தொடர்ந்து பயன்படுத்துவதற்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ நல்லது. இலவசமானது, அமைப்புகளும் கைக்கு அடங்கியவை. அதில் சோர்சஸ் பகுதியில் கூட்டல் குறியை அழுத்தி ‘வீடியோ கேப்சர் டிவைஸ்’ என்பதைச் சேர்த்து, கருவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். ரெசல்யூஷன் வகையை ‘கஸ்டம்’ என்று மாற்றி 1920×1080 என்று அமைத்து, வீடியோ வடிவத்தை எம்ஜேபெக் என்று வையுங்கள்; பஃபரிங் என்ற அமைப்பை முடக்கிவிடுங்கள், தாமதம் சற்றுக் குறையும். பிறகு படத்தின் மீது வலது பொத்தானை அழுத்தி ‘ஃபுல்ஸ்கிரீன் புரொஜெக்டர்’ என்பதைத் தேர்ந்தால் மடிக்கணினியின் முழுத் திரையும் மேசைக்கணினியின் படமாகிவிடும். படமே வராவிட்டால், விண்டோஸின் பிரைவசி அமைப்புகளில் கேமராவுக்கு அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; கேப்சர் கார்டும் ஒரு கேமராதான் என்பதால் அந்தத் தடை இதற்கும் பொருந்தும். ஒலி தனிப் பாதையில் வரும்: கருவியின் ஒலி ஓபிஎஸ்ஸின் ஆடியோ பகுதியில் தெரிந்தாலும், ‘மானிட்டர்’ என்ற தெரிவை இயக்கினால்தான் மடிக்கணினியின் ஒலிபெருக்கியில் கேட்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. 1920×1080 புள்ளிகள், புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 படங்கள் என்றால், நொடிக்கு ஏறத்தாழ 3 ஜிகாபிட் தகவல் வருகிறது. யூஎஸ்பி 2.0 கடத்தக்கூடியது அதிகபட்சம் 480 மெகாபிட். எனவே யூஎஸ்பி 2.0 கருவி ஒவ்வொரு படத்தையும் ஜேபெக் போல அழுத்திச் சுருக்கித்தான் அனுப்ப முடியும். மலிவான கருவிகள் பலவும் இந்த ரெசல்யூஷனில் நொடிக்கு 30 படங்களோடு நின்றுவிடும். சுருக்கத்தின் விளைவு சிறிய எழுத்துகளில்தான் முதலில் தெரியும். கருமையான பின்னணியில் சிவப்பு எழுத்து இருந்தால் அதன் விளிம்பு கரைந்ததுபோல் இருக்கும். யூஎஸ்பி 3.0 கருவிக்கு 5 ஜிகாபிட் வரை இடம் இருப்பதால், நிறத் தகவலை மட்டும் சற்றுக் குறைத்து, புள்ளிக்கு 16 பிட் என்ற கணக்கில் ஏறத்தாழ 2 ஜிகாபிட்டாக, சுருக்கமின்றியே 60 படங்களையும் அனுப்பிவிட முடியும். பெட்டியின் மீது ‘4கே’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரும்பாலும் அது 4கே சிக்னலை உள்ளே ஏற்கும் என்பதைச் சொல்கிறதே தவிர, வெளியே 4கே கொடுக்கும் என்பதை அல்ல. யூஎஸ்பி முனையின் உள்ளே நீல நிறம் இருப்பதும் உறுதியான அடையாளமல்ல. விவரக் குறிப்பில் வெளியீட்டு ரெசல்யூஷனும் படங்களின் எண்ணிக்கையும் என்ன என்று படிப்பதே வழி.

இந்த வழியின் குறை தாமதம். கை மவுஸை நகர்த்துவதற்கும் திரையில் அம்பு நகர்வதற்கும் இடையே ஒரு சிறு இடைவெளி இருக்கும். தட்டச்சு செய்ய, நிரல் நிறுவ, கோப்புகளைக் கையாள இது போதும். வேகமான விளையாட்டுகளுக்கு மலிவான கருவி ஏற்றதல்ல. கட்டணப் படத் தளங்களின் காட்சிகள் கறுப்பாகத் தெரிந்தால் கருவி கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். எச்டிசிபி என்ற நகல் பாதுகாப்பு, பதிவு செய்யும் வாய்ப்புள்ள கருவிக்குப் படத்தைக் கொடுக்க மறுக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. கேப்சர் கார்டு படத்தை ஒரு திசையில் மட்டுமே கொண்டுவருகிறது. மடிக்கணினியின் விசைப்பலகையைத் தட்டினால் அது மேசைக்கணினிக்குப் போகாது. மேசைக்கணினிக்கு அதன் சொந்த விசைப்பலகையும் மவுஸும் இருந்தே ஆக வேண்டும். விசைகளையும் சேர்த்துக் கடத்தும் யூஎஸ்பி கேவிஎம் கருவிகள் உண்டு. சர்வர்களைப் பராமரிப்பவர்கள் அவற்றைத்தான் கையில் வைத்திருப்பார்கள். பல கணினிகளைப் பழுது பார்ப்பவருக்கு அது பயனுள்ள வாங்கல். ஒரே ஒரு கணினிக்காக வாங்குவது வீண். மேசைக்கணினி பழையதாகி அதில் விஜிஏ போர்ட் மட்டுமே இருந்தால், விஜிஏவை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் கன்வர்ட்டர் ஒன்றை இடையில் வைக்க வேண்டும். அது மின்சாரம் பெற்று இயங்கும் வகையாக இருக்க வேண்டும், வெறும் கேபிளால் அந்த மாற்றம் நடக்காது.

வைஃபை வழியாக: மிராகாஸ்ட்

இரண்டு கணினிகளிலும் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்து, தேவை இரண்டாவது திரை மட்டுமே என்றால், எதையும் வாங்காமல் முயன்று பார்க்கக்கூடிய வழி இது. மிராகாஸ்ட் என்பது ஒரு கருவியின் திரைப்படத்தைக் கம்பியின்றி இன்னொன்றுக்கு அனுப்புவதற்காக வைஃபை கூட்டமைப்பு 2012இல் வெளியிட்ட தரநிலை. 2016இல் வந்த விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்து ஒரு கணினி இன்னொரு கணினியின் படத்தைப் பெறவும் முடிகிறது. ஆனால் 2020இல் வந்த 2004 பதிப்பு முதல், பெறும் வசதி தானாக நிறுவப்பட்டிருப்பதில்லை. நாமே சேர்க்க வேண்டும்.

மடிக்கணினியில் செட்டிங்ஸைத் திறந்து, ஆப்ஸ் என்பதற்குள் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ என்ற பகுதிக்குச் சென்று (விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் இது சிஸ்டம் என்பதற்குள் இடம் மாறியிருக்கிறது), ‘வயர்லெஸ் டிஸ்ப்ளே’ என்பதை நிறுவுங்கள். பிறகு சிஸ்டம் பகுதியில் ‘புரொஜெக்டிங் டு திஸ் பிசி’ என்பதைத் திறந்து, பாதுகாப்பான நெட்வொர்க்கில் இருக்கும்போது மட்டும் பிற கணினிகளுக்குத் தெரியும்படி அமைத்து, முதல் இணைப்பின்போது பின் எண் கேட்கும்படி வைத்துவிட்டு, அங்கேயே உள்ள இணைப்பின் வழியாகக் கனெக்ட் செயலியைத் திறந்து வையுங்கள். இப்போது மேசைக்கணினியில் விண்டோஸ் விசையையும் கே எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் மடிக்கணினியின் பெயர் பட்டியலில் வரும். அதைத் தேர்ந்தெடுத்து, மடிக்கணினியில் தெரியும் பின் எண்ணைக் கொடுங்கள். இணைந்த பின் விண்டோஸ் விசையையும் பி எழுத்தையும் அழுத்தி, ஒரே படம் இரண்டிலும் வேண்டுமா, திரை நீள வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கலாம். இணைக்கும் பலகத்தில் ‘இந்தத் திரையிலிருந்து மவுஸ், கீபோர்டு உள்ளீட்டை அனுமதி’ என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். அதைத் தெரிவு செய்தால் மடிக்கணினியின் விசைப்பலகையும் வேலை செய்யும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: மேசைக்கணினியில் வைஃபை இருக்க வேண்டும். ஈதர்நெட் கேபிளில் மட்டும் ஓடும் மேசைக்கணினிகள் ஏராளம். அவற்றில் விண்டோஸ் கே பட்டியலில் மடிக்கணினி தலைகாட்டாது. ரன் பெட்டியில் டிஎக்ஸ்டயாக் என்று கொடுத்து, எல்லாத் தகவல்களையும் கோப்பாகச் சேமித்தால், அதில் மிராகாஸ்ட் என்ற வரி இருக்கும். மிராகாஸ்ட் அங்கே கிடைக்குமா, கிடைக்காவிட்டால் வைஃபை காரணமா, கிராபிக்ஸ் டிரைவர் காரணமா என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடும். இரண்டும் ஒரே ரூட்டரில் இருந்தால், 2017இல் வந்த 1703 பதிப்பு முதல், படத்தை நேரடி வைஃபைக்குப் பதிலாக அந்த நெட்வொர்க் வழியாகவே கடத்தவும் விண்டோஸால் முடியும். அப்போது இணைப்பு அறுபடுவது குறைகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் படம் திணறினால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

ஆப்பிள் கணினிகளில் இதற்கு இணையானது ஏர்பிளே. 2021இல் வந்த மான்டரே என்ற மேக் இயங்குதளப் பதிப்பு முதல் ஒரு மேக் இன்னொரு மேக்கின் திரையைப் பெற முடியும். 2018 முதல் வந்த மேக்புக் ஏர், மேக்புக் ப்ரோ மாடல்கள் இதற்கு உதவும். மேக்புக்கின் அமைப்புகளில் ஏர்பிளே ரிசீவரை இயக்கிவிட்டு, மேசைக்கணினியான மேக் மினியின் டிஸ்ப்ளே பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

மென்பொருள் வழியாக இரண்டாவது திரை

மேசைக்கணினியில் வைஃபை இல்லை, அல்லது மிராகாஸ்ட் ஒத்துழைக்க மறுக்கிறது என்றால், ஸ்பேஸ்டெஸ்க் போன்ற மென்பொருளுக்குச் செல்லலாம். உண்மையைச் சொன்னால், இரண்டாவது திரை மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை மிராகாஸ்ட் அல்ல, இதுதான். விண்டோஸ் மேசைக்கணினியில் இதன் டிரைவரை நிறுவ வேண்டும். இல்லாத மானிட்டர் ஒன்று இணைக்கப்பட்டிருப்பதாக அது விண்டோஸை நம்பவைக்கும். மடிக்கணினியில் வியூவர் என்ற சிறு நிரலை நிறுவித் திறந்தால், மேசைக்கணினியின் பெயர் அதில் தெரியும். அழுத்தினால் திரை நீண்டுவிடும். மடிக்கணினியில் விண்டோஸ் இல்லாவிட்டாலும், உலாவி வழியாகப் படத்தைப் பெறும் வாய்ப்பும் இருக்கிறது.

இதன் பெரிய நன்மை, சாதாரண நெட்வொர்க் கேபிளிலும் இது ஓடும் என்பது. இரண்டு கணினிகளின் ஈதர்நெட் போர்ட்டுகளையும் ஒரே கேபிளால் நேரடியாக இணைக்கலாம். ஜிகாபிட் போர்ட்டுகள் அனுப்பும் கம்பி எது, பெறும் கம்பி எது என்பதைத் தாமே கண்டுகொள்வதால், முன்பு தேவைப்பட்ட கிராஸ்ஓவர் கேபிள் இப்போது தேவையில்லை. இரண்டும் 169.254 என்று தொடங்கும் முகவரிகளைத் தாமாகவே எடுத்துக்கொள்ளும். முகவரி மாறுவது தொல்லையாக இருந்தால், ஒன்றுக்கு 192.168.50.1, மற்றதற்கு 192.168.50.2, சப்நெட் மாஸ்க் இரண்டுக்கும் 255.255.255.0 என்று நிரந்தரமாகக் கொடுத்துவிடலாம். கேட்வே என்ற இடத்தை மட்டும் காலியாக விடுங்கள். அதில் எதையாவது நிரப்பினால், மடிக்கணினி இந்தக் கேபிள் வழியாக இணையத்தைத் தேடத் தொடங்கி, வைஃபையில் இருந்த இணைப்பும் போய்விட்டதுபோல் தோன்றும்.

பெயர் தெரியவில்லை, இணைப்பு மறுக்கப்படுகிறது என்றால் பத்தில் ஒன்பது முறை காரணம் ஃபயர்வால். விண்டோஸ் அந்த நெட்வொர்க்கைப் பப்ளிக் என்று குறித்திருக்கும். அதைப் பிரைவேட் என்று மாற்றுங்கள், அல்லது ஃபயர்வாலில் அந்த நிரலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஃபயர்வாலையே அணைத்துவிடும் பழக்கம் வேண்டாம்.

விளையாட்டு, அசைவூட்டம் என்று வேகமாக மாறும் படங்களுக்கு சன்ஷைன், மூன்லைட் என்ற இணை பொருத்தமானது. இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். மேசைக்கணினியில் நிறுவப்படும் சன்ஷைன், கிராபிக்ஸ் கார்டில் உள்ள வீடியோ என்கோடரைக் கொண்டு படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. மடிக்கணினியில் உள்ள மூன்லைட் அதை விரித்துக் காட்டுகிறது. விசைப்பலகை, மவுஸ், கேம்பேட் எல்லாமே மடிக்கணினியிலிருந்து திரும்பிச் செல்லும். மூன்லைட் முதலில் என்விடியாவின் கேம்ஸ்ட்ரீம் வசதிக்காக எழுதப்பட்டது; என்விடியா 2023இல் அதைக் கைவிட்டபின் சன்ஷைன்தான் அதன் துணை. கேபிள் நெட்வொர்க்கில் இந்த இணையின் தாமதம், மலிவான கேப்சர் கார்டின் தாமதத்தைவிடக் குறைவாக இருப்பதை நீங்களே உணர்வீர்கள். ஆனால் இது மேசைக்கணினியில் ஏற்கெனவே உள்ள திரையைத்தான் அனுப்பும். மானிட்டரே இணைக்கப்படாத கணினியில், கிராபிக்ஸ் கார்டு வரைவதற்குத் திரை இல்லாமல் சும்மா இருந்துவிடும். அதற்கு டம்மி பிளக் என்ற சிறு எச்டிஎம்ஐ முனை ஒன்றைச் செருகினால் போதும். முன்பு சொன்ன ஈடிஐடி பட்டியலைக் கொடுத்து, மானிட்டர் இருப்பதாகக் காட்டிக்கொள்வதைத் தவிர அது வேறெதுவும் செய்வதில்லை.

எந்த மென்பொருளானாலும், மடிக்கணினியின் உறக்க அமைப்பை மாற்ற மறக்காதீர்கள். திரையாக மட்டும் நிற்கும் மடிக்கணினியின் விசைகளை யாரும் தொடுவதில்லை என்பதால், அது வேலையற்று இருப்பதாக எண்ணிச் சில நிமிடங்களில் உறங்கிவிடும். நீங்கள் இணைப்பில் குறை தேடிக்கொண்டிருப்பீர்கள். மின்சாரத்தில் இருக்கும்போது உறங்கக் கூடாது என்று வைத்து, சார்ஜரையும் செருகிவிடுங்கள்.

திரை வேண்டாம், கணினிதான் வேண்டும் என்றால்

‘மடிக்கணினியைத் திரையாக்குவது எப்படி’ என்று கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது திரை அல்ல. மேசைக்கணினியின் வேகத்தையும் அதிலுள்ள கோப்புகளையும் மடிக்கணினியின் முன் அமர்ந்து பயன்படுத்த வேண்டும் என்பதே. அவர்களுக்கு ரிமோட் டெஸ்க்டாப் போல எளிய வழி வேறில்லை. மேசைக்கணினியில் விண்டோஸ் ப்ரோ பதிப்பு இருக்க வேண்டும். ஹோம் பதிப்பு ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை ஏற்காது, மடிக்கணினியில் ஹோம் இருந்தால் பரவாயில்லை. மேசைக்கணினியின் சிஸ்டம் அமைப்புகளில் ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்கிவிட்டு, மடிக்கணினியில் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் நிரலைத் திறந்து, மேசைக்கணினியின் பெயரையோ ஐபி முகவரியையோ கொடுங்கள். நுழைவதற்கு முழுக் கடவுச்சொல் வேண்டும்; தினமும் பயன்படுத்தும் நான்கு இலக்கப் பின் எண் இங்கே செல்லாது, கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ் இயல்பாக ஏற்காது.

இந்த முறையில் மடிக்கணினித் திரையின் அளவுக்கு ஏற்பவே மேசைக்கணினி படத்தை வரைவதால் எழுத்துகள் கூர்மையாக இருக்கும். டம்மி பிளக் தேவையில்லை. விசைகளும் ஒலியும் தாமாகவே கடந்துபோகும். மேசைக்கணினியில் மானிட்டர் இருந்தால், அதில் பூட்டுத் திரை மட்டுமே தெரியும் என்பதால், இதை இரண்டாவது திரையாகப் பயன்படுத்த முடியாது. விண்டோஸ் ஹோம் வைத்திருப்பவர்கள் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பையும், லினக்ஸ் பயனர்கள் விஎன்சி அல்லது எக்ஸ்ஆர்டிபியையும் நாடலாம். ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 என்ற போர்ட்டை ரூட்டரில் இணையத்துக்குத் திறந்துவிடும் ஆலோசனை எங்காவது கண்ணில் பட்டால், அதைப் பின்பற்ற வேண்டாம். கடவுச்சொல்லை ஊகித்து நுழைய முயலும் நிரல்கள் அந்த எண்ணைத்தான் ஓயாமல் தட்டிப் பார்க்கின்றன.

இதில் ஒரு சிக்கல் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்: முதல் முறை அமைப்பதற்கு ஏதாவது ஒரு திரை வேண்டும். மானிட்டர் செத்துப்போன பிறகு இதைப் படிக்கிறீர்கள் என்றால், எச்டிஎம்ஐ உள்ள ஒரு தொலைக்காட்சியை அரை மணி நேரம் கடன் வாங்குங்கள். அந்த நேரத்துக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்கி, உறக்கத்தை முடக்கி, கணினியின் பெயரைக் குறித்துக்கொண்டு, பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும் தெரிவையும் இயக்கிவிடுங்கள். அதன்பின் மேசைக்கணினியை ஒரு மூலையில் வைத்துவிடலாம்.

பழுதான மடிக்கணினியின் திரையைக் கழற்றுதல்

மடிக்கணினியின் மதர்போர்டு கெட்டு, திரை மட்டும் நன்றாக இருந்தால், அந்தப் பலகத்தை உண்மையான மானிட்டராகவே மாற்றலாம். இதில் தாமதம் உணரும் அளவுக்கு இராது, பயாஸும் தெரியும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினியை இதற்காகப் பிரிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் பேட்டரி இணைப்பை நீக்குங்கள். திரையைச் சுற்றியுள்ள சட்டத்தை விலக்கி, பலகத்தின் பின்புறம் ஒட்டியுள்ள தாளில் இருக்கும் மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியின் மாடல் எண் இதற்குப் பயன்படாது. ஒரே மாடல் மடிக்கணினியில் வெவ்வேறு நிறுவனங்களின் பலகங்கள் இருக்கும். எச்டிஎம்ஐ சிக்னலைப் பலகத்துக்கு ஏற்றபடி மாற்றித் தருவது கன்ட்ரோலர் போர்டு; அந்த எண்ணுக்கென்று அமைக்கப்பட்டதைத்தான் வாங்க வேண்டும். பழைய பலகங்கள் எல்விடிஎஸ் வகை, புதியவை ஈடிபி வகை; ஈடிபியிலும் 30 பின், 40 பின் என்று வேறுபாடு உண்டு, ஒன்றின் கேபிள் மற்றதற்குப் பொருந்தாது. எல்இடி விளக்குகளுக்கு முந்தைய பலகங்களில் சிசிஎஃப்எல் என்ற மெல்லிய குழல்விளக்கு இருக்கும். அதை எரிக்கும் இன்வெர்ட்டர் பலகையில் பல நூறு வோல்ட் உருவாகும் என்பதால், மின்சாரம் இருக்கும்போது அதைத் தொடக் கூடாது. அத்தகைய பலகத்தை விட்டுவிடுவதே நல்லது.

போர்டு வந்ததும், பலகத்தின் கேபிள், விசைகள் உள்ள சிறு பலகை, விளக்குக்கான இணைப்பு ஆகியவற்றைச் செருகி, எச்டிஎம்ஐ கேபிளை இணைத்து, கடைசியாக மட்டும் மின்சாரத்தைக் கொடுங்கள். பெரும்பாலான போர்டுகளுக்கு 12 வோல்ட் அடாப்டர் வேண்டும், தேவையைவிட அதிக வோல்ட் கொடுத்தால் போர்டு எரியலாம். வெளிச்சம் வந்து படம் வராமலோ, நிறங்கள் குழம்பியோ இருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு முதலில் பலகத்தின் கேபிளைச் சரியாகச் செருகியிருக்கிறோமா என்று பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால், போர்டில் வேறொரு பலகத்துக்கான நிரல் ஏற்றப்பட்டிருக்கலாம், மாடல் எண்ணைச் சொல்லி விற்றவரிடமே சரியானதைக் கேளுங்கள். எல்லாம் சரியாக ஓடிய பிறகே பலகத்தைச் சட்டத்தில் பொருத்துங்கள். போர்டின் அடிப்பகுதி எந்த உலோகத்திலும் படாமல் சிறு பிளாஸ்டிக் கால்களின் மீது நிற்க வேண்டும்.